நல்லா இருக்கு

"மூடியை நல்லா அழுத்திப் பிடி. இல்லேன்னா சுவரெல்லாம் காபிதான்" என்றாள் மாடிவீட்டு அக்கா.

கீழ்வீட்டுப் பெண் மிக்சி ஜாரின் மூடியை இரண்டு கைகளாலும் அழுத்தினாள். ஐஸ் கட்டிகள் கடகடவென்று உருண்டு, நொறுங்கி, சத்தம் மெல்ல அடங்கியது. திறந்தபோது ஜார் முழுக்க வெளிர்பழுப்பு நுரை.

போன மாதம்தான் மாடிக்குக் குடிவந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "கடையில குடுக்கிற மாதிரியே இருக்கே. தினமும் போடுவியா?"

"இருபத்திரெண்டு நாளா போடறேன்க்கா. முந்தாநாள் ஏலக்காய் தட்டிப் போட்டேன். நேத்து வெனிலா எசென்ஸ். இன்னைக்கு டிகாக்ஷனைக் கெட்டியா இறக்கி, ஆற வச்சு அடிச்சிருக்கேன்."

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"நல்லா இருக்குன்னு சொல்றார்."

"அப்புறம் என்ன, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"அதையே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சுக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "என் வீட்டுக்காரர் வாயிலேர்ந்து முப்பது வருஷத்துல அந்த வார்த்தை வந்ததில்ல. நீ குடுத்து வச்சவ. உனக்கு அது தெரியல."

அவள் உயரமான கண்ணாடி டம்ளரில் காபியை ஊற்றினாள். "உங்களுக்கும் ஊத்தட்டுமாக்கா?"

"வேண்டாம்மா. ஐஸ் பட்டாலே எனக்குப் பல் கூசும்."

கணவர் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, படித்து முடித்த பேப்பரையே மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார். அவள் டம்ளரை நீட்டிவிட்டு, முந்தானையை விரலில் சுற்றியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரீட்சை முடிவுக்குக்கூட யாரும் அப்படி நின்றிருக்க மாட்டார்கள்.

அவர் ஒரு வாய் உறிஞ்சினார்.

"நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். விழுங்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். நெற்றி சுருங்கியது.

"என்ன கண்றாவி இது? ஐஸ்ல மீன் வாடை அடிக்குது. இதை மனுஷன் குடிப்பானா?"

டம்ளர் நங்கென்று மேஜைமேல் இறங்கியது.

பின்னாலேயே வந்து நின்ற மாடிவீட்டு அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சமையலறைக்கு ஓடுவது தெரிந்து, பின்னாலேயே போனாள். ஃப்ரீசர் திறந்திருந்தது. ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீன் கவர் கிழிந்து கிடந்தது. அவள் ஃப்ரிட்ஜைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நேரே முன்னறைக்கு வந்தாள்.

"என்ன தம்பி இது? ஆசை ஆசையாப் போட்டுக் குடுத்தவகிட்ட இப்படியா பேசறது? அங்க வந்து பாருங்க, எப்படி அழறான்னு."

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தவர்போல, டம்ளரை மூக்கருகே கொண்டுபோவதும் எடுப்பதும் மறுபடி கொண்டுபோவதுமாக இருந்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்போனோடு வந்தாள். கண்ணில் இன்னும் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"நீங்க பேசறீங்களா?"

"நீயே சொல்லு" என்றார் அவர். "நான் இன்னொரு தடவை மோந்து பாக்கணும்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"சார், உங்க காபிக் கம்பெனியில ருசி பார்க்க இவருக்குப் பதிலா வேற ஆள் எடுக்க வேண்டாம்" என்றாள் அவள். "எட்டு மாசம் முன்னாடி காய்ச்சல்ல மோப்பமே செத்துப்போன இவரோட மூக்கு, இன்னைக்கு ஐஸ்ல இருந்த மீனையே கண்டுபிடிச்சிடுச்சு."