பிள்ளை மேல் சத்தியம்

கற்பூரத் தட்டு அவள் முகத்துக்கு நேரே நீண்டது.

நீட்டியவர் வார்டு கவுன்சிலர். தன் கட்சி வேட்பாளருக்காக வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒருவன் புடவை மூட்டையோடு நின்றான். புடவையை வாங்கினால் சத்தியம் செய்ய வேண்டும். வாங்காவிட்டால் அந்த வீட்டு வாசலில் தண்ணீர் லாரி நிற்காது. இதை அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வாசலில் மூடியில்லாத சாக்கடைக் குழி. அதில் செருகிய குச்சியில் ஒரு சிவப்புத் துணி. வேட்டியைத் தூக்கிப் பிடித்து, பார்த்துப் பார்த்துத்தான் அவர் தாண்டி வந்தார்.

குழி அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

போன மழைக்கு முந்தின மழையில் அந்தக் குழியிலிருந்துதான் அவள் மகனை எடுத்தார்கள். ஒரே பிள்ளை. அன்று மாலையோடு வந்தவர் இவர்தான். போட்டோ சரியாக விழவில்லை என்று மாலையை எடுத்து மறுபடி வைத்தவரும் இவர்தான். ஒரு வாரத்தில் குழிக்கு மூடி போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சுவரில் சாய்ந்திருந்த சின்னச் சைக்கிளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பையன் இருக்கானே! சாமி மேல எல்லாம் வேணாம்மா. புள்ள மேல சத்தியம் பண்ணு. அப்பத்தான் ஓட்டு மாறாது."

பாவி.

தட்டைப் பிடுங்கி அவர் மூஞ்சியில் அடிக்கத்தான் அவள் கை எழுந்தது.

லாரி ஞாபகம் வந்தது. கை கற்பூரத்தின் மேல் இறங்கியது. சுடர் அணைந்தது. உள்ளங்கை சுட்டது.

"முகிலன் மேல சத்தியம்."

பெயரைக் கேட்டும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"நல்லாப் படிச்சு பெரியாளா வருவான்மா" என்று வாழ்த்திவிட்டு, புதுக் கற்பூரம் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

அடுத்த வீட்டில் மூன்று பிள்ளைகள். எதிர்வீட்டில் கைக்குழந்தை. தெரு முழுக்கப் பிள்ளைகள்.

ஓட்டுப் போடும் நாளில் எதிர்வீட்டுக்காரி அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றாள். இடுப்புக் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் குழியைத் தினமும் தாண்டுகிறவள்தான் அவளும். திரும்பிப் பார்க்கவே இல்லை.

இவள் முறை வந்தது.

அட்டை மறைப்புக்குள் குனிந்தாள். அவர்களுடைய சின்னத்தைத் தாண்டி விரல் கீழே போனது.

நின்றது.

சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஒரு கணம்தான்.

பிறகு ஞாபகம் வந்தது.

அழுத்தினாள். பீப் சத்தம் ஓய்ந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.