முதலில் சொன்னவர்

விடுதியின் வரவேற்பறையில் என் அறைத்தோழியின் அப்பா என்னைத் தேடி வந்து நின்றார். ஒரு கையில் அவளுடைய பெட்டி, மறு கையில் சுருட்டிக் கட்டிய படுக்கை. இரண்டையும் கீழே வைக்காமலே பேசினார்.

அவள் வாசலில் காரில் இருந்தாள். முகம் தெரியாதபடி துப்பட்டாவை இழுத்து மூடியிருந்தாள்.

பதினெட்டு நாளாக விடுதி முழுக்க அவளைப் பற்றித்தான் பேச்சு. கருவைக் கலைத்துவிட்டு வந்தாளாம்.

இரண்டாம் மாடியில் ஆஸ்பத்திரியின் பெயர் சேர்ந்தது. சாப்பாட்டு அறையில் ஆளின் பெயர் சேர்ந்தது. குளியலறை வரிசையில் மாதக் கணக்கே வந்துவிட்டது. கண், காது, மூக்கு வைத்துப் பேசுவது என்பார்களே, கண் வைத்தவள் யார், மூக்கு வைத்தவள் யார் என்பதுவரை என் நோட்டில் இருக்கிறது.

அதுதான் என் முதுகலை ஆய்வு. மாணவிகளிடையே வம்பு எப்படிப் பரவுகிறது என்று கூடவே இருந்து பார்த்து எழுத வேண்டும். நாற்பத்து மூன்று பேர், நாற்பத்து மூன்று எண்கள், யாரிடமிருந்து யாருக்கு என்று அம்புக்குறிகள். பெயர்கள் மட்டும் தனித் தாளில், பூட்டிய அலமாரியில். விடுதியில் எனக்கு 'பேப்பர்காரி' என்று பட்டப்பெயரே உண்டு.

"அக்காகிட்ட எல்லாம் எழுத்துல இருக்குன்னு அவதாம்மா சொன்னா. முதல்ல கிளப்பிவிட்டது யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க வந்து, அது பொய்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், பரீட்சை எழுத வரேங்கறா."

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. வார்டன் ஏற்கெனவே கைவிரித்துவிட்டார். ஊர் வாயை யார் மூடுவது என்று அவள் அப்பாவிடமே கேட்டாராம்.

அப்பா பேருந்து ஓட்டுபவர். ஒரு நாள் லீவில் வந்திருந்தார். மகளை எப்படியாவது திரும்ப உள்ளே அனுப்பிவிட்டுப் போக மாட்டோமா என்கிற ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். தகவல் தந்தவர்களின் பெயரை வெளியே சொல்லக்கூடாது, எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறேன், ஆய்வு ஒழுக்கம் என்று ஒன்று இருக்கிறது என்றேன். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர் சத்தம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதுவும் சரிதாம்மா. இன்னொரு வீட்டுப் பொண்ணு பேரும் கெடக் கூடாதுல்ல."

பெட்டியையும் படுக்கையையும் அவரே காரில் ஏற்றினார். கார் திரும்பும்போது அவள் துப்பட்டாவை விலக்கி எனக்கு மட்டும் கையசைத்தாள்.

வாயைத் திறந்திருந்தால் அவள் படிப்பு மிஞ்சியிருக்கும். என் பட்டம் போயிருக்கும்.

இதற்கெல்லாம் முந்தின மாதம் பேராசிரியர் என் முதல் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். எல்லா வம்புக்கும் வால்தான் இருக்கிறது, தலை எங்கே என்று கேட்டார். எந்த வம்பும் என் காதுக்குப் பாதி வழியில்தான் வந்து சேரும். தலைக்கு நான் எங்கே போவேன்?

அதனால் ஒரு காலையில் துணி துவைக்கும் இடத்தில், பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம் நானே சொன்னேன், இங்கே ஒருத்தி கலைத்துவிட்டு வந்திருக்கிறாளாம் என்று. அப்படி யாருமே இல்லை. யார் பெயரையும் சொல்லாவிட்டால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன்.

மூன்று நாளாகக் காய்ச்சலில் என் அறையில் படுத்திருந்தவளை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அன்று மாலை அவள் பெயர் முதன்முதலாக என் காதில் விழுந்தபோதே நிறுத்தியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.