கறிச்சோற்றுக்குக் காவல் வந்த கத்தி

மலைக்குக் கிளம்பிய தவசியின் பையில் கறிச்சோற்றுத் தூக்கோடு ஒரு கத்தியும் போனது. கறி வாசத்துக்குப் பேய் வரும், இரும்பு கூட இருந்தால் அண்டாது என்று அவன் அம்மா போட்டது.

"காட்டுல உயிரைக் காப்பாத்த நான் வந்திருக்கேன். நீ பேயோட்டத்தானே வந்தே?" என்று அவன் தோளில் தொங்கிய கயிறு கத்தியைப் பார்த்துச் சிரித்தது. கத்திக்கு முகம் சுண்டிப்போனது.

ஆற்றைக் கடக்கும்போது தோளிலிருந்து நழுவிய கயிறு பாறையில் சிக்கித் தவசியின் காலையும் சுற்றிக்கொண்டது. தண்ணீர் கழுத்துவரை ஏறியது.

"என்னை அறுத்துடு, அண்ணே!" என்று கயிறே கத்தியிடம் அலறியது.

தவசி கத்தியை உருவினான். ஒரே இழுப்பு!

கரையேறியதும், காலில் கிடந்த பாதிக்கயிறு கத்தியிடம் சொன்னது: "இனி எனக்கு ரெண்டு வாய். உங்க பெருமையை நான் இங்கே பேசுவேன், மத்தது ஆத்துல பேசும்."

கத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தூக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பேய் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்!