ரொக்கம் வாங்குவதில்லை

“ரொக்கம் வாங்குறதில்லம்மா. போன்ல அனுப்புங்க. இல்லன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவள் தள்ளி நிற்கவில்லை. முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்திருந்தது. மடித்த நோட்டுகளைக் கவுண்டரின் துளைக்குள் நீட்டியபடியே இருந்தாள்.

“கடைசி ஸ்டாப்புக்கு ஒரே ஒரு டிக்கெட்ணா. பஸ் கிளம்பப் போகுது.”

அந்த பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுப்பவரை எல்லோரும் ‘டிஜிட்டல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி ரொக்கத்தை நிறுத்துவதற்கு வெகு முன்பே அவர் நிறுத்திவிட்டார். பர்ஸை மகளுக்கு ஹேர்பின் போட்டு வைக்கக் கொடுத்தாயிற்று. கார்டுகள் பீரோவில் எங்கே கிடக்கின்றன என்று மனைவிக்குத்தான் தெரியும். சட்டைப் பையில் போன் ஒன்று மட்டும். கையை வீசிக்கொண்டு வருவார், கையை வீசிக்கொண்டு போவார். இன்னமும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

“போன் இல்லையா?”

“இருக்குண்ணா. ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்.”

“சார்ஜ் இல்லையா? இந்தாங்க சார்ஜர், சொருகுங்க.”

“வேண்டாம்ணா.” அவள் அவசரமாகக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “எனக்கு… அதுல கட்டத் தெரியாது.”

வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். டிஜிட்டலுக்கோ உற்சாகம் வந்துவிட்டது. தெரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். தன் போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.

“ஒண்ணுமே இல்லம்மா. இதைத் தொடணும். இந்தக் கட்டத்தைப் படம் பிடிக்கணும். அப்புறம் ரகசிய நம்பர். அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடக் கூடாது. வீட்டுக்காரர்கிட்டகூட!”

“சரிண்ணா” என்றாள் அவள்.

“இதுல என்ன வசதின்னா, எங்க போனோம், என்ன வாங்கினோம், எல்லாம் அப்பப்ப பதிவாகிடும். ஒரு டீ குடிச்சாக்கூட மறைக்க முடியாது.”

“ஆமாண்ணா.”

“ஆமாண்ணான்னா மட்டும் போதாது. கத்துக்கணும். இந்தக் காலத்துல இதுகூடத் தெரியலன்னா எப்படிம்மா? வீட்டுக்காரரைக் கேட்டாச் சொல்லித் தர மாட்டாரா?”

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பிப் பார்த்த வேகத்தில் மாஸ்க் கீழே இறங்கியது. உதட்டோரம் வீங்கிக் கன்றியிருந்தது.

“பல்லு வலியா?” என்றார் டிஜிட்டல்.

“ம்” என்று மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அண்ணா, உங்க போன்ல கட்டுங்கண்ணா. இந்தப் பணத்தை நீங்க எடுத்துக்குங்க. மீதிகூட வேண்டாம்.”

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் தன் போனிலிருந்தே பணத்தைக் கட்டி, டிக்கெட்டை அடித்து நீட்டினார். அவள் பறித்துக்கொண்டு ஓடினாள். நன்றி சொன்னாளா என்றுகூடக் காதில் விழவில்லை. நோட்டுகளில் கோதுமை மாவு ஒட்டியிருந்தது. மாவு டப்பாவில் பணம் ஒளித்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று முணுமுணுத்தபடி கையைத் தட்டிக்கொண்டார்.

பஸ் போய், வரிசையும் கரைந்து, டிஜிட்டல் டீக்கு எழுந்திருக்கும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். பேச்சில் தேன் ஒழுகியது.

“சார், ஒரு சின்ன உதவி. என் மனைவி கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. இந்தப் பக்கம் வந்தாளா?”

“எத்தனையோ பேர் வர்றாங்க சார்…”

“அவ தூரமா எங்கயும் போயிருக்க முடியாது. ஒரு பைசா செலவு பண்ணினாலும் என் போன் கத்தும். தண்ணி பாட்டில் வாங்கினாக்கூட எந்தக் கடைன்னு எனக்கு வந்துடும். அப்படி செட் பண்ணி வச்சிருக்கேன்.” அவர் சிரித்தார். “காலையிலருந்து ஒரு சத்தத்தையும் காணோம். அதான் ஒவ்வொரு இடமா நேர்ல விசாரிக்கிறேன்.”

“கையில பணம் வச்சிருப்பாங்களோ என்னவோ சார்.”

“பணமா?” சட்டென்று தேன் வற்றியது. உள்ளங்கை கவுண்டர் பலகையில் அறைந்ததில் கண்ணாடி அதிர்ந்தது. “என் வீட்டுல நான் குடுக்காம அவ கைக்கு ஒரு நோட்டு வந்துடுமா?”

டிஜிட்டல் கையைத் தன்னையறியாமல் மடிக்குள் இழுத்துக்கொண்டார். விரல் இடுக்கில் இன்னும் மாவு இருந்தது. அந்த உதடு பல் வலியில் வீங்கியதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“போட்டோவைப் பாருங்க. பார்த்தா மறக்க மாட்டீங்க” என்று அந்த ஆள் தன் போனைக் கண்ணாடியில் வைத்தார்.

ஒரு பெரிய அரங்கத்தின் மேடை. நிறைய பேர் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, மைக்கும் கையுமாக நிமிர்ந்து நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள் அவள். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் பேனர்: ‘கைபேசியில் பணம் செலுத்துவது எப்படி? வங்கி அதிகாரிகளுக்கான பயிற்சி.’

டிஜிட்டல் அதை இரண்டு முறை படித்தார்.

“இவங்க வரல சார். தனியா வந்தது ஒரே ஒரு அம்மாதான். பாவம், போன்ல பணம் கட்டவே தெரியாதவங்க. நான்தான் உட்கார்ந்து சொல்லிக்குடுத்தேன்.”