சரிந்த அடிவானம்

கேள்வி மைக்கில் வந்தது.

“உங்க எல்லாப் படத்துலயும் அடிவானம் ஏன் சரிஞ்சே இருக்கு?”

முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் காதிலும் அது விழுந்தது. கையில் இருந்த காகிதக் கோப்பையில் தண்ணீர் மட்டமாக நின்றது. அதையே பார்த்தாள்.

பதில் சொல்ல வேண்டியவன் அவள் தம்பி. கண்காட்சிக் கூடத்தின் சுவர்களில் தொங்கிய பதினான்கு படங்களும் அவன் வரைந்தவை. எல்லாமே நிலக்காட்சிகள். வயல் என்று நினைத்தால் வயல், இல்லையென்றால் வெறும் பச்சை. மேலே சாம்பல். நடுவில் அந்தக் கோடு, ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி.

கேன்வாஸைத் தரையில் விரித்து, குறுக்கே ஒரு நூலைச் சரிவாகக் கட்டிய பிறகுதான் அவன் வண்ண டப்பாவையே திறப்பான். அளந்து பார்ப்பதில்லை. கை தானாகப் போய் அதே சரிவில் நிற்கும்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். வாய்க்காலுக்குள் ஒருக்களித்துக் கிடந்த காரின் முன்கண்ணாடி வழியாக அவளும் அந்த நிலத்தைப் பார்த்திருக்கிறாள்.

இருபத்திரண்டு வருடம். அவளுக்கு அப்போது பதினேழு, அவனுக்கு ஒன்பது. ஆட்கள் வந்து கதவை நெம்பித் திறக்கப் பாதிப் பகல் ஆனது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. எப்போதாவது அம்மாதான், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, சம்பந்தமே இல்லாமல், “வண்டியில பிள்ளைங்களை வச்சுக்கிட்டுக் கண்ணசந்த மனுஷன்” என்பாள். பிறகு மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள்.

இப்போது தம்பி வாயைத் திறந்தால், இத்தனை பேர் முன்னால் அந்தக் கார் வெளியே வந்துவிடும். அம்மா கேட்பாள். ஒன்று கேட்டால் இன்னொன்றும் கேட்பாள்.

தம்பி மைக்கை வாங்கிக்கொண்டான். அக்காவை ஒரு முறை பார்த்தான்.

“அது ஒண்ணுமில்லைங்க. நான் தரையில போட்டு வரையறவன். இருக்கறது வாடகை வீடு, தரையே சரிவு. வீட்டுக்காரரைத்தான் கேக்கணும்.”

கூடம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

“இதையே நம்ம வீட்டுச் சுவத்துல மாட்டினா, ஆணியை ஒழுங்கா அடிக்கத் தெரியலன்னு உன்னைத்தான் திட்டுவேன்” என்றாள் அக்காவின் காதில்.

அந்த வீட்டுத் தரை மட்டமானதுதான். போன மாதம்கூட அக்கா போய்ப் பெருக்கிவிட்டு வந்தாள்.

தப்பித்தாயிற்று. ஆனால் தப்பித்த மாதிரி இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு வாய் இருக்குமே, முகம் முழுக்க அப்படி இருந்தது.

நாற்காலிகள் காலியாகின. அம்மா ஒவ்வொரு படமாகக் கடந்து, கடைசிச் சுவரில் இருந்த பெரிய படத்தின் முன்னால் போய் நின்றாள். அக்கா பின்னாலேயே போனாள். ஓரத்தில் சின்ன அட்டை: ‘நிலம் 41. அக்ரிலிக். விற்பனைக்கு அல்ல.’

இந்தப் படத்தை அவள் பார்த்ததில்லை. இதில் இருந்தது அந்தச் சரிந்த கோடு மட்டுமல்ல. படத்தின் அடியில் இரண்டு கரிய மேடுகள் இருந்தன. இடது பக்கம் பெரியது, வலது பக்கம் சின்னது. சின்ன மேட்டின் நடுவே, உச்சியிலிருந்து கீழே வரைக்கும், கத்தி முனையால் கீறிய மெல்லிய வெள்ளைக் கோடு.

பின்சீட்டில் இருப்பவனுக்கு முன்சீட்டுத் தலைகள் அப்படித்தான் தெரியும். இரட்டைப் பின்னல் போட்டவளின் பின்னந்தலையில் வகிடு அப்படித்தான் இறங்கும்.

ஸ்டீயரிங் வலது பக்கம்.

“ஓட்டித்தான் பாரேன், பக்கத்துல நான் இருக்கேன்ல” என்றார் அப்பா, அன்றைக்கு. அவள் இடம் மாறி உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு பின்சீட்டுக்கு, தம்பியிடம், அவள் ஏறிப் போன பிறகுதான் கார் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அப்பா மெல்லச் சரிந்து அவள் விட்ட இடத்தில் போய்ச் சேர்ந்தார். வந்தவர்கள் அவரை அங்கேதான் பார்த்தார்கள். யார் ஓட்டியது என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தம்பியைக் கேட்டார்கள். தூங்கிவிட்டேன், ஒன்றும் தெரியாது என்றான். போலீஸ்காரர் அதை நம்பினார். இத்தனை வருடமாக அவளும்.

திரும்பினாள். யாரோ தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த வெள்ளைக் கோட்டின் அருகே குனிந்தாள்.

“இது என்னடி, பாதையா?”

“பாதைதாம்மா” என்றாள்.