லோடருக்குச் சிங்காரம்

வெல்டிங் பொறி பறந்தது. டிராக்டருக்கு முன்னால் மண் அள்ள மாட்டியிருந்த லோடர் பக்கெட்டின் மேல்விளிம்பில் மூன்றாவது கொக்கியும் ஒட்டியாயிற்று.

“சங்கிலி மாட்ட வசதியா இருக்கும். அந்தப் பக்கமும் ஒண்ணு வைடா” என்று டிராக்டர்காரரின் மனைவி எக்கி நின்று இடம் காட்டினாள். வெல்டர் அவள் தம்பிதான். அக்கா கை நீட்டிய இடத்திலெல்லாம் மறுபேச்சில்லாமல் பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

கொட்டகை வாசலில் இடுப்பு பெல்ட்டோடு நின்ற டிராக்டர்காரருக்கு வயிறு எரிந்தது. முதுகுவலிக்குப் பார்த்த டாக்டர், “இனி டிராக்டர்ல ஏறவே கூடாது” என்று சொன்னதிலிருந்துதான் இவளுக்கு இந்த வேகம். ஓட்ட ஆளில்லாத வண்டியை விற்கத்தானே இத்தனை சிங்காரம்? அவர் படுத்துக் கிடந்தபோதே கொல்லைப்பக்கம் யாரோ ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பெற்ற பிள்ளைபோல் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி அது.

“இதென்னடா புதுசா ஒரு கம்பி?”

“மட்டக் கம்பி, மாமா. நுனி இந்தச் சிவப்புக் கோட்டுக்கு வந்தா பக்கெட் மட்டமா இருக்குன்னு அர்த்தம். சீட்ல இருந்தே பாத்துக்கலாம்.”

“இத்தனை வருஷமா கம்பி வச்சா ஓட்டினேன்? கையே சொல்லிடும். இதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு.”

“புதுசா ஓட்டறவங்களுக்குத்தான் வைக்கிறோம்” என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவ்வளவுதான், அவருக்குப் பொறுக்கவில்லை. பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேவிட்டார். முழங்கால் ஸ்டியரிங்கில் ணங்கென்று இடித்தது. பாவிகள், சீட்டைக்கூட முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். வாங்கப்போகிறவன் குள்ளன் போலிருக்கிறது.

“என் உயிர் இருக்கற வரைக்கும் இத விக்க விடமாட்டேன். வாங்கறவன் வரட்டும், இங்கயே உக்காந்திருக்கேன்.” சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “விக்கறோம்னு யாரு மாமா சொன்னா?” என்றான் தம்பி.

“பின்ன, நான் ஏறக் கூடாதுன்னா இத யாருடா ஓட்டறது?”

மனைவி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்து படியில் கால் வைத்தாள்.

“இறங்குங்க, அது என் சீட்.”