கடுகம்மாவின் வார்டு

“வாசலோட நில்லு! உள்ளே காலை வெச்சே, நடக்கிறதே வேற!”

வாளியும் துடைப்பானுமாக வந்த பெரியக்கா அப்படியே நின்றுவிட்டாள். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷியை இப்படியா விரட்டுவது?

விரட்டியவள் ஏழாவது வார்டின் தலைமை நர்ஸ். பேர் என்னவோ இருக்கும். ஆஸ்பத்திரி முழுக்கக் கூப்பிடுவது ‘கடுகம்மா’ என்றுதான். எந்நேரமும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். மருந்துக்கு மசியாத காசநோய்க்காரர்களை அந்த வார்டில்தான் வைத்திருந்தார்கள்.

“எல்லா வார்டும் துடைக்கிறேன், இது மட்டும் ஏம்மா ஆகாது? என் கை பட்டா தரை தேஞ்சிடுமா?” என்றாள் பெரியக்கா.

“வாளியை வெச்சிட்டுக் கிளம்பு.”

“அந்த முகமூடியில ஒண்ணு கொடுங்க. போட்டுக்கிட்டே போறேன்.”

நடையோரத்துக் கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். காற்றில் வரும் கிருமியையும் தடுக்கிற கெட்டி முகமூடிகள், அடுக்கடுக்காக.

“அது உனக்கில்ல” என்று கதவைச் சாத்திக்கொண்டாள் கடுகம்மா.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் சும்மா இருப்பாரா? ஆளை ஏற்றிவிடுவதைவிட, ஆத்திரத்தை ஏற்றிவிடுவதில் கெட்டிக்காரர்.

“விடுங்கக்கா. அந்தம்மாவுக்கு நாமெல்லாம் மிதியடி. மிதியடிக்கு எதுக்கு முகமூடி?”

அதுதான் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போயும் ஆறவில்லை. நிறைமாதமாக இருந்த மகளிடம் கொட்டித் தீர்த்தாள்.

“உனக்கெதுக்கும்மா வம்பு? துடைக்காட்டி மிச்சம்னு விடேன்.”

“துடைக்கிறதுக்காடி அழறேன்? அவ என்னை மனுஷியாவே மதிக்கலைடி!”

மறுநாளே நிர்வாகியின் அறைக்குப் போய்விட்டாள்.

“உக்காருங்கம்மா” என்றார் நிர்வாகி. அந்த நாற்காலியை எத்தனையோ தடவை துடைத்திருக்கிறாள். உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

“உங்களை வேலை செய்யவிடாமத் தடுத்தாங்க, சரியா?”

“ஆமாங்கய்யா.”

“எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்தினாங்க. கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?”

“எந்தச் சபையிலயும் சொல்லுவேங்கய்யா!”

அந்த வாரமே கடுகம்மாவை அடித்தளத்து மருந்துக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். பையோடு லிஃப்டுக்காக நின்றவள், பெரியக்காவைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

“உன் பொண்ணுக்கு எப்போ பிரசவம்?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“பேசாம லீவு போட்டுட்டு வீட்டுல இரு. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு...”

“நீங்க சொல்லிக் கேட்டதெல்லாம் போதும்!” வெடுக்கென்று திரும்பினாள் பெரியக்கா. “பார்த்தீங்களா அண்ணே, போற போக்குலயும் என் பிழைப்பு மேலதான் கண்ணு!” என்று லிஃப்ட்காரரிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

கடுகம்மா பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போய்விட்டாள்.

அவளுடைய இடத்துக்கு வந்த புது நர்ஸுக்குப் பேச்சில் தேன் ஒழுகியது.

“வாங்கம்மா, வாங்க! இனிமே உங்களை யாரும் தடுக்க மாட்டாங்க. தாராளமா உள்ளே போய்த் துடைங்க.”

பெரியக்காவுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. வாளியைத் தூக்கினாள்.

“முகமூடி கொடுங்கம்மா, மாட்டிக்கிறேன்.”

“அது இல்லையேம்மா.”

“அலமாரி நிறைய இருக்கே?”

“அதுவா?” புது நர்ஸ் சிரித்தாள். “பாதுகாப்புச் சட்டம்னு சோதனைக்கு வர்றாங்கள்ல, அவங்க கண்ணுல படறதுக்கு வெச்சது. சாவி நிர்வாகிகிட்ட. எங்களுக்கே அளந்துதான் தர்றாங்க. துடைக்கிறவங்களுக்கெல்லாம் கிடையாது.”

பெரியக்காவுக்கு ஏதோ இடித்தது.

“அப்போ இத்தனை நாளா இந்த வார்டை யாரும்மா துடைச்சா?”

“வேற யாரு, உங்க கடுகம்மாதான்! ‘முகமூடி தராம ஒரு ஆளை உள்ளே அனுப்பறது சட்டப்படி குத்தம், அனுப்ப மாட்டேன்’னு ஒத்தைக்கால்ல நின்னாங்க. தனக்குக் குடுத்த முகமூடியைப் போட்டுக்கிட்டுத் தானே தரையைத் துடைச்சாங்க. வெளியே மூச்சு விட்டா வேலை போயிடும்னு நிர்வாகி மிரட்டி வெச்சிருந்தார். அவங்களை எப்படிக் கிளப்பறதுன்னு தெரியாம அவரும் முழிச்சிக்கிட்டு இருந்தார். நல்லவேளை, நீங்க புகார் கொடுத்தீங்க!”

பெரியக்கா வாளியைக் கீழே வைத்தாள். ஐயோ, பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! உள்ளே யாரோ குடலே வெளியே வந்துவிடும்போல இருமிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மகள், அவள் வயிற்றில் குழந்தை. இருப்பதோ ஒற்றை அறை.

“நான்... நான் இன்னிக்கு லீவு போட்டுக்கிறேம்மா.”

“அதெப்படிம்மா? வேலை செய்ய விடலைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே நீங்கதானே? இப்போ நீங்களே மாட்டேன்னா, வேலை நிலைக்குமா?”

முகத்தில் சிரிப்பு மாறாமல் கதவை அகலத் திறந்துவிட்டாள் புது நர்ஸ்.

“கைக்குட்டையை மூக்குல கட்டிக்கிட்டுப் போங்கம்மா. ஒண்ணும் ஆகாது.”